விங்கை நீரில் விட்டுவிட்டு அலை ஏற டிரிஃப்ட் ஆங்கர் போதுமா?

நீலத்தடம்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக விங்ஃபாயில் செய்து வருகிறேன்: காற்றடைத்த இறக்கையான விங்கைக் கையில் பிடித்து, அடியில் ஃபாயில் என்ற நீரடிச் சிறகு பொருத்திய பலகையில் ஓடும் விளையாட்டு அது. ஃபாயில் எழும்பி, அலையின் சரிவில் பலகை தானாகவே ஓடத் தொடங்கியபின், கையில் இருக்கும் விங் எனக்குத் துணையாக இல்லாமல் சுமையாகவே தெரிகிறது. உடலைச் சாய்த்துத் திரும்ப வேண்டிய இடத்தில் அது தோளை வேறு பக்கம் இழுக்கிறது. இறங்கும்போது அதன் நுனி நீரில் படாமல் இருக்கிறதா என்று ஒரு கண் எப்போதும் அதன்மேல் இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கைகளும் ஓய்ந்து, கால்களால் மட்டும் அலையை ஓட்டும் அந்த அரை நிமிடத்துக்காக விங்கைக் கழற்றி நீரில் விட்டுவிட்டு, அலை முடிந்ததும் திரும்பி வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று நீண்ட நாளாக யோசித்து வந்தேன்.

சென்ற வாரம் செய்து பார்த்தேன். மீன்பிடி கயாக்குகளின் பின்னால் கட்டுவார்களே, டிரிஃப்ட் ஆங்கர் என்ற மிதவை நங்கூரம், அந்த வகையைச் சேர்ந்த 30 சென்டிமீட்டர் வாயகலமுள்ள துணிக்கூம்பு ஒன்றை 5 மீட்டர் கயிற்றோடு ஒரு சிறு பையில் மடித்து, விங்கின் முன்குழாயில் லீஷ் (நம் உடலோடு பிணைக்கும் கயிறு) மாட்டும் வளையத்திலேயே கட்டியிருந்தேன். விங் 5 சதுர மீட்டர். காற்று 18 நாட் அளவில் இருந்தது. விங்கை எறிந்ததும் பை திறந்தது, கூம்பும் விரிந்தது. ஆனால் பதினைந்து விநாடி அலையோடு ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, விங் நான் விட்ட இடத்தில் இல்லை. காற்றில் அரைவாசி எழுவதும் விழுவதுமாக, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. பலகையில் படுத்துக் கையால் துழாவி அதை எட்டிப் பிடிக்க எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று, அதில் கடைசி ஐந்து நிமிடம் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருந்தது.

நங்கூரத்தின் அளவு, கயிற்றின் நீளம், கட்டும் இடம் ஆகியவற்றில் எதைத் தவறாகச் செய்தேன், அல்லது இந்த எண்ணமே தவறானதா என்பதைப் பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தென்றல்நடை

முன் கைப்பிடியை மட்டும் ஒரு கையால் பிடித்து விங்கைக் கொடிபோலப் பின்னால் பறக்கவிடுவதே போதும் என்பது என் கருத்து. அலையும் காற்றும் ஒரே திசையில் போகும்போது நம் வேகம் காற்றின் வேகத்தை நெருங்கிவிடுவதால், விங்கின்மேல் படும் காற்று மிகவும் குறைந்து அது துணியாகத் துவண்டுவிடுகிறது. அப்போது அதை விட்டெறிய வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

நீலத்தடம்

காற்றின் திசையிலேயே ஓடும் அலைகளுக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். நான் ஏறும் அலைகள் ஒரு முனையைச் சுற்றி வளைந்து, காற்றுக்குக் குறுக்காகவோ சில வேளைகளில் காற்றை எதிர்த்தோ ஓடுபவை. அங்கே கொடியாக விட்ட விங் துவளுவதில்லை. படபடவென்று அடித்துக்கொண்டு என்னை அலையின் தோளிலிருந்து பின்னால் இழுக்கிறது. அதனால்தான் கேட்டேன்.

கடற்கயிறு

நண்பரே, உங்கள் நங்கூரம் சிறியது. எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

இந்த நங்கூரம் தரையைத் தொடுவதில்லை. நீருக்குள் குடைபோல விரிந்து, நீரையே பற்றிக்கொள்கிறது. எனவே விங் நகரத்தான் செய்யும். காற்று விங்கைத் தள்ளும் விசையும் நீர் கூம்பைத் தடுக்கும் விசையும் எந்த வேகத்தில் சமமாகின்றனவோ அந்த வேகத்தில் நகரும். கடல்நீர் காற்றைவிட ஏறக்குறைய 850 மடங்கு அடர்த்தியானது என்பதே நமக்குள்ள ஒரே அனுகூலம்.

20 நாட் காற்று என்பது விநாடிக்கு 10.3 மீட்டர். அந்தக் காற்று தனக்கு நேர்முகமாக நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 64 நியூட்டன், அதாவது ஆறரைக் கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். விங் நீரில் ஒழுங்காகப் படுத்திருந்தால் காற்றுக்குக் காட்டும் முகம் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் கூம்பு இந்த விசைக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் இழுபடும். பத்து நிமிடத்தில் விங் 700 மீட்டர் போயிருக்கும். 60 சென்டிமீட்டர் கூம்பாக இருந்தால் வேகம் அதில் சரிபாதி, விநாடிக்கு 0.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாயின் அகலத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், ஆனால் நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் நகரும் வேகம் பாதிதான் குறையும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் எதை எடுப்பது என்ற குழப்பம் வராது.

இதெல்லாம் விங் படுத்திருக்கும் வரைதான். அது எழுந்து தன் 5 சதுர மீட்டரையும் காற்றுக்குக் காட்டினால் விசை 300 நியூட்டனைத் தாண்டும், உங்கள் சிறு கூம்பு விநாடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் பின்னால் ஓடும். நீங்கள் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். விங்கைக் கவிழ்த்து, நடுக்குழாயும் கைப்பிடிகளும் வானத்தைப் பார்க்கும்படி விட வேண்டும். கற்றுக்கொண்ட நாட்களில் கவிழ்ந்துபோன விங்கைத் திருப்ப நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்! அந்தப் பிடிவாதம்தான் இங்கே நமக்கு வேண்டும். நுனிகள் இரண்டும் நீரில் பதிந்து, முன்குழாய் காற்றை நோக்கி நிற்கும்போது, கவிழ்ந்த வளைவின்மேல் பாயும் காற்று அதைத் தூக்காமல் கீழ்நோக்கியே அழுத்துகிறது. நீங்கள் லீஷ் வளையத்தில் கட்டியது சரியான இடம்தான். விங் மட்டும் நிமிர்ந்த நிலையில் விழுந்திருக்கிறது.

நீலத்தடம்

ஆம், நிமிர்ந்துதான் விழுந்தது. எறியும்போது மணிக்கட்டைத் திருப்பிக் கவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் 60 சென்டிமீட்டருக்கும் மேல் போய், 90 சென்டிமீட்டர் வைத்துக்கொண்டால் விங் ஏறக்குறைய அசையாமலே நிற்குமே?

ஆழிப்பலகை

முழுதும் நிற்காது, நகர்வது இன்னும் மெதுவாகும். அங்கேதான் சிக்கலும் தொடங்கும். இதுவரை அனைவரும் விங் எங்கே போகிறது என்று மட்டுமே பேசியிருக்கிறோம். அலை முடியும் இடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஃபாயிலில் அலையோடு போகும் வேகம் விநாடிக்கு 6 மீட்டருக்குக் குறையாது. 20 விநாடி ஓடினால் 120 மீட்டர். அலை காற்றின் திசையில் ஓடியிருந்தால், அந்த 120 மீட்டரையும் நீங்கள் காற்றை எதிர்த்துத்தான் திரும்ப வேண்டும். ஃபாயிலைக் கால்களால் பம்ப் செய்தே, அதாவது மேலும் கீழும் அழுத்தியே, திரும்பக்கூடியவராக இருந்தால் அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். வழியில் விழுந்தீர்கள் என்றால், அடியில் ஃபாயில் தொங்கும் சிறு பலகையில் படுத்து, சிற்றலைகளை எதிர்த்துக் கையால் துழாவ வேண்டும். எனக்கு அப்போது விநாடிக்கு அரை மீட்டர் வேகம் கிடைத்தால் பெரிது. 120 மீட்டருக்கு நான்கு நிமிடம். விங்கை அசையாமல் நிறுத்தி வைத்திருந்தால் அந்த நான்கு நிமிடமும் முழுக்க உங்கள் தோளின் கணக்கில்தான் ஏறும்.

விங் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்றோடு நகர்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் அதற்குக் காற்று போகும் பக்கத்தில் இருக்கிறீர்கள். அது உங்களை நோக்கி வருகிறது, நீங்கள் அதை நோக்கிப் போகிறீர்கள். இரண்டு நிமிடத்தில் நடுவழியில் சந்தித்துவிடுவீர்கள். ஆகவே நங்கூரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்பது தவறு. உங்கள் துழாவும் வேகமும் விங் நகரும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் அளவே சரியான அளவு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இதை நான் பட்டே அறிந்தேன். அலை உங்களைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுபோய், விங்கைவிட மேலே, காற்று வரும் பக்கத்தில் இறக்கிவிட்டால், விங் ஒவ்வொரு நொடியும் உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். அப்போது அதன் வேகம் உங்கள் துழாவும் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதை நீங்கள் பிடிக்கப் போவதே இல்லை. ஒரு மாலை நான் அப்படித்தான் மேலே விழுந்து, 40 மீட்டர் தொலைவில் தெரிந்த விங் 60 ஆகி, 100 ஆகி, அலைகளுக்கு இடையில் மறைந்து மறைந்து தெரிவதைப் பார்த்துக்கொண்டே துழாவினேன். கடைசியில் விங்கை விட்டுவிட்டு வெறும் பலகையோடு கரைக்குத் திரும்பினேன். விங் மறுநாள் கரையோரத்தில் கிழிந்து கிடந்தது.

எனவே நீலத்தடம் அவர்களே, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது: நங்கூரம் விங்கின் ஓட்டத்தைக் குறைக்கும், உங்கள் திரும்பும் தொலைவைக் குறைக்காது. அந்தத் தொலைவை இடமும் அலையும்தான் முடிவு செய்கின்றன. உங்கள் முனையில் அலை காற்றுக்குக் குறுக்காக ஓடுகிறது என்றால் அது நல்ல வாய்ப்பு. அங்கே திரும்புவது காற்றுக்குப் பக்கவாட்டில்தான். விங்கை விடும் இடத்தை மட்டும், நீங்கள் எங்கே விழுந்தாலும் விங்குக்குக் காற்று போகும் பக்கத்திலேயே விழும்படி தேர்ந்துகொள்ளுங்கள்.

கடற்கயிறு

ஆழிப்பலகை சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். நான் விங்கின் கணக்கை மட்டும் போட்டேன். ஆள் திரும்பும் கணக்கு எனக்கு விட்டுப்போயிற்று. 45 முதல் 60 சென்டிமீட்டர் வரையிலான கூம்பே நம் வேலைக்குப் போதும் என்று திருத்திக்கொள்கிறேன்.

கட்டும் முறையைப் பற்றிச் சில சொற்கள். கூம்பு நீரின் மேல்மட்டத்திலேயே கிடந்தால் அலையின் முகட்டில் வெளியே வந்து சுருங்கிவிடும். வாயின் கீழ்விளிம்பில் 200 கிராம் அளவில் ஈயமோ சிறு சங்கிலித்துண்டோ கோத்தால் சரிந்து உள்ளே இறங்கும். அலையின் அடியில் நீர் வட்டமிடும் அசைவு ஆழம் போகப் போக விரைவாகக் குறைவதால், ஒன்றிரண்டு மீட்டர் இறங்கினாலும் கூம்பின் பிடி நன்றாகத் தெரியும். கயிறு 8 முதல் 10 மீட்டர் வரை இருக்கட்டும். பெரிய படகுகளில் ஓர் அலைநீளம் அளவுக்குக் கயிறு விடச் சொல்வார்கள். 5 விநாடி இடைவெளியுள்ள அலைக்கே அது 39 மீட்டர், நம் பைக்குள் அடங்காது. அதற்கு ஈடாக, நீட்சியுள்ள நைலான் கயிற்றைப் பயன்படுத்தினால் ஒவ்வோர் அலையிலும் விங்கின் வளையத்தில் விழும் வெட்டுக் குறையும். மிதக்கும் வகைக் கயிறு வேண்டாம். மேலே பரந்து கிடந்து, திரும்பி வரும்போது ஃபாயிலின் தண்டில் சுற்றிக்கொள்ளும். கூம்பு சுழன்று கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சுழல்வளையம் ஒன்றும், கூம்பின் கூர்முனையிலிருந்து ஒரு சிறு மிதவையோடு மெல்லிய இழுகயிறும் வைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த கூம்பை வாய்ப்பக்கமாக இழுத்தால் வராது. கூர்முனையைப் பிடித்து இழுத்தால் உடனே மடிந்து வெறும் துணியாக வந்துவிடும்.

வேகமும் விசையும் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நீலத்தடம் பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே விங்கை எறிந்ததாக எழுதியிருக்கிறார். விங்கின் லீஷ் உங்கள் இடுப்பில் இன்னும் மாட்டியிருக்க, பை தவறுதலாகத் திறந்து கூம்பு விரிந்தால், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அந்த 30 சென்டிமீட்டர் துணியே 1,700 நியூட்டன், அதாவது 170 கிலோ எடைக்கு நிகராக உங்களைப் பின்னால் இழுக்கும். 60 சென்டிமீட்டர் என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே நங்கூரப்பை ஒருபோதும் உடலில் இருக்கக் கூடாது, விங்கில்தான் இருக்க வேண்டும். முதலில் லீஷ் கழல வேண்டும், கழன்றதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அதன்பின்தான் விங் கையை விட்டுப் போக வேண்டும். எறியும் பக்கம் உங்கள் முதுகுக்குப் பின்னால், காற்று வரும் திசையில் இருக்கட்டும்.

நீலத்தடம்

170 கிலோ என்பதைப் படித்ததும் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அன்று நான் லீஷைக் கழற்றியதும் விங்கை எறிந்ததும் ஒரே அசைவில்தான் நடந்தன. எது முன், எது பின் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கரைக்காவல்

நான் தன்னார்வக் கடல் மீட்புக் குழு ஒன்றில் படகு ஓட்டுகிறேன். இந்த விளையாட்டு 2019 வாக்கில் பரவத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது: ஆளில்லாமல் விங் மட்டும் மிதக்கிறது என்று கரையிலிருந்து யாரோ அழைப்பார்கள். பார்த்தவர் நல்ல எண்ணத்தில்தான் அழைக்கிறார். எங்களுக்கும் வேறு வழியில்லை. விங் இருந்து ஆள் இல்லை என்றால் ஆள் நீரில் இருக்கிறார் என்றே கருதித் தேட வேண்டும். நீங்கள் 200 மீட்டர் தள்ளி மகிழ்ச்சியாக அலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அறியாமல் நாங்கள் விங்கைச் சுற்றிய நீர்ப்பரப்பைக் கட்டம் கட்டமாகத் தேடிக்கொண்டிருப்போம். அதே நேரத்தில் வேறோர் இடத்தில் உண்மையாகவே ஒருவர் தத்தளித்துக்கொண்டிருக்கலாம்.

இதைச் செய்தே தீருவது என்று முடிவு செய்தவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விங்கிலும் பலகையிலும் உங்கள் பெயரையும் கரையில் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணையும் அழியாத மையால் எழுதுங்கள். இறங்குவதற்கு முன், அப்பகுதியைக் கண்காணிக்கும் கடலோரக் காவலுக்கோ உயிர்காப்பாளருக்கோ இன்ன இடத்தில், இன்ன நிறத்து விங்கை நீரில் விட்டு விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். விங்கை இழந்து கரைக்கு வந்தால், ஆள் பத்திரம் என்பதை உடனே தெரிவியுங்கள். படகுகள் போகும் வழியிலும் நீந்துபவர்கள் இருக்கும் பகுதியிலும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விங்கைக் கண்டு விலகும் படகோட்டிக்கு, அதிலிருந்து காற்று வரும் பக்கமாகப் பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு நீருக்கடியில் போகிறது என்பது தெரியாது. அது விசிறியில் சுற்றினால் அவருடைய இயந்திரம் நின்றுவிடும்.

ஆழிப்பலகை

கயிறு காற்று வரும் பக்கம் கிடக்கிறது என்று கரைக்காவல் சொன்னதை நம்மவர்களும் குறித்துக்கொள்ள வேண்டும். விங்கை நெருங்கும்போது எப்போதும் காற்று போகும் பக்கத்திலிருந்தே வாருங்கள். மேற்பக்கமாகச் சுற்றி வந்தால் ஃபாயிலின் தண்டு நேராகக் கயிற்றில் போய் மாட்டும்.

தென்றல்நடை

பலகையின் லீஷைப் பற்றி யாரும் எழுதவில்லையே. விங் இல்லாதபோது மிதப்பதற்குப் பலகை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் போய்விட்டால்?

ஆழிப்பலகை

நல்ல கேள்வி. பலகையின் லீஷ் எந்த நிலையிலும் கழலக் கூடாது. அதோடு மிதவை உடுப்பும் கட்டாயம். பலகையின் கொள்ளளவு லிட்டரில் உங்கள் எடையைவிடக் குறைவாக இருந்தால், நின்றால் மூழ்கும் அந்தப் பலகையில் படுத்தாலும் பாதி உடல் நீரில்தான் இருக்கும், துழாவும் வேகமும் சரிந்துவிடும். அத்தகைய பலகையோடு விங்கை விட்டுப் பிரிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தென்றல்நடை

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 முதல் பாராவிங்குகள் கிடைக்கின்றன. காற்றடைக்கும் குழாயே இல்லாத ஒற்றைத் துணி, மெல்லிய இழைகள், ஒரு சிறு கைப்பட்டை. அலை கிடைத்ததும் ஓடிக்கொண்டே இழுத்துச் சுருட்டி இடுப்புப் பையில் திணித்துக்கொள்ளலாம். விங்கை எங்கும் விட்டுப் போக வேண்டியதில்லை, திரும்பிப் போய் எடுக்கவும் வேண்டியதில்லை. காற்றோடு நெடுந்தொலைவு ஓடுபவர்களுக்கு இந்த நங்கூரப் பேச்சு முழுவதையும் அது தேவையற்றதாக்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஆழிப்பலகை

காற்றோடு ஓடுவதற்கு மறுபேச்சில்லை, பாராவிங்தான் சரி. ஒரே அலைமுனையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குபவருக்கு, ஒவ்வொரு முறையும் நனைந்த துணியைச் சிக்கெடுத்து மீண்டும் பறக்கவிடுவதும் அதற்கென்று ஒரு தேர்ச்சியைக் கேட்கும். காற்றை எதிர்த்து ஏறுவதிலும் விங்குக்கு இன்னும் கை மேலேதான் என்பது என் அனுபவம்.

நீலத்தடம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அலை ஏதும் ஏறாமல், நண்பர் ஒருவர் மோட்டார் படகில் அருகிலேயே இருக்க, விங்கை மட்டும் விட்டுப் பார்த்தோம். 16 நாட் காற்று. ஜிபிஎஸ் கடிகாரத்தை நீர்புகாப் பையில் போட்டு நடுக்குழாயின் கைப்பிடியில் கட்டியிருந்தேன். 60 சென்டிமீட்டர் கூம்போடு, கவிழ்த்த நிலையில், பத்து நிமிடத்தில் 310 மீட்டர் நகர்ந்தது. கடற்கயிறு அவர்களின் கணக்கின்படி 280 வர வேண்டும். நீரோட்டமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். நங்கூரமே இல்லாமல், நிமிர்ந்த நிலையில் விட்டபோது ஒரு நிமிடத்திலேயே 120 மீட்டர் போய்விட்டதால் அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

கூம்பு பிடிக்கும் தருணத்தை அருகிலிருந்து பார்த்தது எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. விங் விழுந்ததும் முதலில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. கயிறு ஒவ்வொரு முழமாகப் பையிலிருந்து வெளியேறுகிறது. பிறகு ஒரு நொடி எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும்போது கயிறு நீரைச் சிதறியபடி விறைக்கிறது, முன்குழாயின் நடுப்பகுதி ஒரு முறை உள்வாங்குகிறது, விங் முழுவதும் மெல்லத் திரும்பிக் காற்றைப் பார்த்து நிற்கிறது. அந்தத் திரும்பலுக்கு ஏழெட்டு விநாடி ஆகிறது. நான் முதல் முறை அலையோடு போய்விட்டதால் இதைப் பார்க்கவே இல்லை.

அதன்பின் வேறு இரு நாட்களில் அலையிலும் செய்தேன். ஓடிக்கொண்டே எறிவதை விட்டுவிட்டேன். அலைமுனைக்குச் சற்று மேலே, காற்று வரும் பக்கத்தில் நின்று, பலகையில் உட்கார்ந்தபடியே லீஷைக் கழற்றி, விங்கைக் கவிழ்த்து, நங்கூரத்தைக் கையால் இறக்கி, அது திரும்பி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு படுத்துத் துழாவி, உடையும் அலையில் ஏறினேன். என்னுடைய பலகை 95 லிட்டர், என் எடை 72 கிலோ என்பதால் துழாவுவது முடிகிறது. இரண்டு நாளில் பதினொரு முறை விட்டதில் ஒன்பது முறை மூன்று நிமிடத்துக்குள் விங் கைக்கு வந்தது. ஒரு முறை ஆறு நிமிடம் ஆயிற்று. மற்றொரு முறை காற்று 22 நாட்டுக்கு ஏறிவிட்டது, நண்பர் படகில் போய் எடுத்துவந்து கொடுத்தார்.

18 நாட்டுக்கு மேல் விங்கைக் கையை விட்டு விடுவதில்லை, படகு அருகில் இல்லாத நாளில் இதைச் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து 45 சென்டிமீட்டர் கூம்பையும் அதே கடிகாரத்தோடு அளந்து பார்க்கப் போகிறேன். நீரோட்டத்தைத் தனியாகப் பிரித்தறிய, பாதி நீர் நிரப்பிய புட்டி ஒன்றையும் கூடவே மிதக்கவிடலாம் என்று எண்ணம். அளந்ததும் எண்களை இங்கேயே பதிகிறேன்.